நடுக்கமும் சேர்த்து

புன்ட்டா அரேனஸில் காற்று வலுக்கும் நாட்களில்
தெருமுனைகளில் கயிறு கட்டிவிடுவார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
காற்று ஊளையிடும் என்று சொல்கிறார்கள்.
எனக்கு அது சட்டைக் காலரைப் பற்றி இழுக்கும் ஒரு கை,
அவ்வளவுதான்.
பிறந்ததிலிருந்தே எனக்குக் காது கேட்காது.

அந்த வியாழன் மாலை ஏழு மணிக்கு முதல் வகுப்பு.
நூலகத்தின் மேல்மாடி, பன்னிரண்டு நாற்காலிகள்.
காது கேளாத பிள்ளைகளைப் பெற்ற
காது கேட்கிற அப்பா அம்மாக்களுக்கு
நான் சைகைமொழி சொல்லிக்கொடுக்க வேண்டும்.

பதினெட்டு வருடம் நண்டு ஆலையில் ஓடு உடைத்த கை.
ஒருநாள்கூடப் பிசகியதில்லை.
ஆறு மணியிலிருந்து அது என் பேச்சைக் கேட்கவில்லை.
கழிப்பறைக் கண்ணாடி முன் நின்று
வணக்கம் என்றேன்.
கை திக்கியது.
என் பெயர் என்றேன்.
அதற்கும் திக்கியது.
பயத்தில் உங்களுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளுமாமே,
எங்களுக்கு விரல்.
வெந்நீரில் காட்டினேன். அக்குளில் வைத்து அமுக்கினேன்.
ஐஸ் பெட்டிக்குள் போன பிறகும் அசையும் நண்டுக்கால் மாதிரி
அங்கேயும் அசைந்தது.

ஓடிவிடலாம் என்று படி இறங்கினேன்.
கீழே கதவை வெளியிலிருந்து காற்று அழுத்திப் பிடித்திருந்தது.
காற்றின் மேல் பழி போடமாட்டேன்.
நானும் பலமாகத் தள்ளவில்லை.

பதினோரு பேர் வந்திருந்தார்கள்.
ஆட்டு லாரி ஓட்டும் ரெமிஹியோ,
மருந்துக்கடைச் சீருடையைக் கழற்றாத ஒருத்தி,
நடுவில் ஒரு நாற்காலி காலி விட்டு உட்கார்ந்த கணவன் மனைவி.
யாருடைய கையையும் காணோம்.
பாக்கெட்டில், பைக்கு அடியில், தொடைக்குக் கீழே.

மிர்தா என்று விரலால் எழுதிக்காட்டினேன்.
ஸ்பானிய மொழியில் என் பெயருக்கு ஆறு எழுத்து.
அதில் ஒன்றுக்கு வாயில் ஒலியே கிடையாதாம்.
கையில் அதுவும் ஒலிக்கும்.
ஆறிலும் நடுக்கம்.
இப்போது நீங்கள், என்று காட்டினேன்.

ஒளிந்திருந்த கைகள் ஒவ்வொன்றாக வந்தன.
பதினோரு பேரும் காற்றில் என் பெயரை எழுதினார்கள்,
ஒவ்வொரு எழுத்துக்குப் பின்னும்
கவனமாக ஓர் உதறல் உதறி.
அதுவும் எழுத்தோடு சேர்ந்தது என்று நினைத்துவிட்டார்கள்!
நான்காம் எழுத்தில் எனக்குச் சற்றுக் கூடுதலாக நடுங்கியிருந்தது.
ரெமிஹியோ அதைக்கூட விடவில்லை.

சிரித்துவிட்டேன்.
என் சிரிப்பு எப்படி ஒலிக்கும் என்று எனக்குத் தெரியாது.
கியர் விழாத லாரி மாதிரி என்பான் தம்பி.
பதினோரு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.
பலகையில் எழுதினேன்:
இந்த உதறல் எழுத்து இல்லை. பயம்.

மருந்துக்கடைக்காரி கையைத் தூக்கினாள்.
கேள்வி என்று நினைத்தேன்.
இல்லை. காட்டினாள்.
அவள் கையும் நடுங்கிக்கொண்டிருந்தது.

அச்சடித்துத் தந்த பாடத்திட்டத்தில்
பயம் என்ற சொல் ஒன்பதாம் வாரம்.
நாங்கள் அதை முதல் நாளே படித்தோம்.
பிறகுதான் அம்மா, அப்பா, ரொட்டி, நிறங்கள்.
என் கை எப்போது அடங்கியது என்று கவனிக்கவில்லை.
பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவில் எங்கோ.

அடுத்த வியாழன் ரெமிஹியோ மகனை அழைத்துவந்தார்.
ஐந்து வயது, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.
வாசலிலேயே என்னைக் கண்டு கை தூக்கினான்:
என் பெயரின் முதல் எழுத்து, அதில் ஓர் உதறல்.
மற்ற ஐந்தையும் விட்டுவிட்டான்.
அப்பா திருத்தப் போனார்.
வேண்டாம் என்றேன்.
எங்கள் ஆட்கள் எல்லோரும் இப்போது
என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

இன்றும் ஆறு மணிக்குக் கை தொடங்கிவிட்டது.
கண்ணாடிப் பக்கம் போகவில்லை.
என்னைத்தான் கூப்பிடுகிறது.
சாக்பீஸை எடுத்துக்கொண்டு படி ஏறுகிறேன்.